நாற்பத்தைந்து நிமிடப் பழி

டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை ஃபெயிலானேன். மூன்று முறையும் மனசார, திட்டம் போட்டு, ஆசை ஆசையாக ஃபெயிலானேன். அதை நினைக்கும்போதே இப்போதும் நெஞ்சு ஐஸ் வைத்த மாதிரி குளிர்கிறது.

குற்றவாளியை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். என் வீட்டுக்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஆள். ஊர் முழுக்க அவருக்கு ‘மாஸ்டர்’ என்றுதான் பெயர். காலையில் ஆறு மணிக்கு டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பார். நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் வீட்டுக்கு வருவார். அதில் பத்தொன்பது நிமிடம் மெல்லுவார், மிச்சம் ஒரு நிமிடம் கை கழுவுவார். இந்த நகரத்தில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பாதிதான் எதிலாவது போய் முட்டிக்கொண்டிருக்கிறது.

நான் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு. முப்பத்தோரு வருஷம் ஒரே நாற்காலி, ஒரே போன். குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்ததில் நாற்றம் என்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறதே என்று வயிறு எரிகிறவர்கள் எல்லாரும் என் காதுக்குள்தான் வந்து விழுவார்கள். ஒரு நாளைக்கு எண்ணூறு போன் எடுத்தேன் என்று சொல்வது வழக்கம். நம்பாமல் பார்க்கிறவர்களுக்கு மட்டும் எண்பதாகக் குறைத்துச் சொல்வேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். ஆரம்பத்தில் பேசிக்கொண்டுதான் இருந்தோம், கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். அப்புறம் அவருக்கு கிளாஸ் கூடியது, எனக்கு போன் கூடியது, பையன் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போனான். பேச்சு துவைத்த சட்டை மாதிரி சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் வீட்டில் நாலே வசனம்தான் மிஞ்சியது. ‘கேஸ் வந்துச்சா?’, ‘சாவி எங்க?’, ‘மோட்டார் ஆஃப் பண்ணியா?’, ‘ம்’. நாலில் கடைசி வசனம்தான் அமோகமாக ஓடியது.

போகட்டும் என்றுதான் இருந்தேன். நான் ரிடையர் ஆன நாள் வரைக்கும்.

மாலை நாலு மணிக்கு ஆபீசில் பிரிவு உபசார விழா. என் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ‘வந்துடறேன்’ என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. கிளாஸாம். டைரியில் ஒரு பெயர் ஏறிவிட்டால் எமனே வந்து நின்றாலும் அதை மாற்ற மாட்டார். அது அவர் கொள்கை. அறுபது பேர் முன்னால், முப்பத்தோரு வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டே தேய்ந்துபோன நான், வாழ்க்கையில் முதன்முதலாக மைக்கைப் பிடித்துப் பேசினேன்.  வீட்டுக்கு வந்து அவருக்காகக் காத்திருந்தேன். வந்தார். செருப்பைக் கழற்றினார். என் முகத்தைப் பார்த்தார்.

“டார்ச் எங்க இருக்கு?”

எடுத்துக் கொடுத்தேன். பானெட்டைத் திறந்து எதையோ பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தார்.

‘அன்னிக்கு என்ன பேசினே?’ என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அது அவர் வாயிலிருந்து தானாக வர வேண்டும். நானே போய்ச் சொன்னால் அது எனக்குத் தோல்வி. ஒரு நாள் பார்த்தேன், ஒரு வாரம் பார்த்தேன், பத்தொன்பது நாள் பார்த்தேன். கேஸ் வந்துச்சா என்றார், சாவி எங்க என்றார். அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை.

இருபதாவது நாள் லிஃப்டில் எதிர் பிளாட் டீச்சரைப் பார்த்தேன். புதிதாக லைசென்ஸ் வாங்கிய பூரிப்பில் இருந்தாள்.

“ஆன்ட்டி, மாஸ்டர் மாதிரி ஒரு மனுஷரை நான் பார்த்ததே இல்ல! என்ன பேச்சு, என்ன அக்கறை! என் மாமியாரோட முட்டிவலி வரைக்கும் கேட்டுக்கிட்டார். மறுநாள் ஞாபகமா, ‘முட்டி எப்படி இருக்கு’ன்னு வேற கேட்டார்.”

“யாரு? எங்க வீட்டு மாஸ்டரா?”

“வேற யாரு ஆன்ட்டி? வாயே மூட மாட்டாரே! நீங்க குடுத்து வச்சவங்க.”

லிஃப்ட் நாலாவது மாடிக்கு ஏறியது. என் ரத்த அழுத்தம் நாற்பதாவது மாடிக்கு ஏறியது. எவளோ ஒருத்தியின் மாமியாரின் முட்டிக்குக் கொடுக்க அவருக்குக் காது இருக்கிறது, எனக்குக் கொடுக்க இல்லை! அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டேன்.

நேராக நாத்தனாரிடம் போனேன். என் வீட்டுக்காரரின் தங்கை. டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் அவள் பொறுப்பு. ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு ஃபேன், சுவரில் டிராஃபிக் சின்னங்கள் போட்ட படம், அப்புறம் அந்தப் பாழாய்ப்போன டைரி.

“உங்க அண்ணன் கார்ல பேசுவாராமே?” என்றேன், உட்காராமலே.

“அதை ஏன் அண்ணி கேக்கறீங்க? அது அண்ணனோட டெக்னிக். ஸ்டியரிங்கைப் பிடிச்சதும் ஜனங்க கட்டை மாதிரி விறைச்சுடறாங்க இல்ல? பேச்சுக் குடுத்தா கை தன்னால இளகிடுமாம். அதுக்குன்னே எட்டுக் கேள்வி வச்சிருக்கார். வீட்ல எத்தனை பேர், வீட்டுக்காரர் என்ன பண்றார், வேலை எப்படிப் போகுதுன்னு ஆரம்பிச்சா போதும். இருபத்தெட்டு வருஷமா அதே எட்டு.”

“எட்டா? எனக்கு ஒண்ணு கூட வரலையேடி!”

“நீங்கதான் ஸ்டியரிங்கைப் பிடிக்கலையே அண்ணி” என்று சிரித்தாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“போடு என் பேரை.”

“ஐயையோ! அண்ணன் என்னைக் கொன்னுடுவார்.”

“டைரியில ஏறின பேரை அவரே அடிக்க மாட்டாரில்ல? போடு. பத்து கிளாஸ், ஒவ்வொண்ணும் நாப்பத்தஞ்சு நிமிஷம். காலையில பத்தேகால்.”

நாத்தனார் என்னைப் பார்த்தாள், டைரியைப் பார்த்தாள். அவளுக்கும் அண்ணன் மேல் பழைய பாக்கி எதுவோ இருந்திருக்க வேண்டும். பேனாவைத் திறந்து, கையெழுத்து கொட்டை கொட்டையாகத் தெரிகிற மாதிரி எழுதினாள்.

மறுநாள் பத்தேகாலுக்குப் பஸ் ஸ்டாப்பில் கைப்பையோடு நின்றேன். கார் வந்து நின்றது.

“இங்க என்ன பண்றே?”

“பத்தேகால் கிளாஸுக்கு நிக்கிறேன்.”

டாஷ்போர்டில் கிடந்த டைரியைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடி புரட்டினார், பக்கம் மாறிப்போயிருக்கும் என்ற நப்பாசையில். அப்புறம் கீழே இறங்கி, சுற்றிக்கொண்டு பக்கத்து சீட்டுக்குப் போய், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உக்காருங்க மேடம்.”

மேடம்! உக்காருங்க! கற்றுக்கொள்ள வருகிறவர் யாராக இருந்தாலும் மரியாதையாகத்தான் கூப்பிடுவாராம். முப்பத்து மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் ‘ங்க’. அதை அனுபவிக்கவே அன்றைக்கு ஒரு கிலோமீட்டரை அரை மணி நேரம் ஓட்டினேன்.

ஆனால் முதல் இரண்டு கிளாஸும் வீண். கிளட்ச், கியர், கண்ணாடி பாருங்க, இதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. காரணம் நான்தான். எனக்குப் பயமே வரவில்லை! பைப் உடைந்து ஒரு தெரு முழுக்க மூழ்கியபோது அத்தனை பேரின் ஏச்சையும் ஒரே நேரத்தில் போனில் வாங்கியவள் நான். ஒரு ஸ்டியரிங்குக்கா நடுங்குவேன்? “கை நல்லா இளகியிருக்கு மேடம்” என்று பாராட்டு வேறு. இளகின கைக்கு எதற்குப் பேச்சு?

“அண்ணி, பயப்படுங்க!” என்றாள் நாத்தனார் போனில். “பயந்து சாவுங்க!”

மூன்றாவது கிளாஸில் செத்தேன். ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடித்தேன். பல்லைக் கடகடவென்று ஆட்டினேன். நான் நடுங்கின நடுக்கத்தில் கார் முன்னால் போவதா பக்கவாட்டில் போவதா என்று தெரியாமல் குழம்பியது. என் வீட்டுக்காரர் கண்ணை ரோட்டில் வைத்தபடி, தேன் ஊறின குரலில், இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் ஆரம்பித்தார்.

“பயப்படக் கூடாது மேடம். ரோட்டை மட்டும் பாருங்க. வீட்ல எத்தனை பேர்?”

சத்தியமாகக் கேட்டார். பெண்டாட்டியிடம் கேட்டார்!

“ரெண்டு பேர் சார். நான் ஒருத்தி. இன்னொருத்தர் இருக்கறதா பேச்சு.”

“வீட்டுக்காரர் என்ன பண்றார்?”

அவர் வாய் முந்திக்கொண்டது, மூளை பின்னால் ஓடி வந்தது. நான் விடுவேனா?

“ஊருக்கெல்லாம் காது குடுக்கறார் சார். வீட்டுக்கு வரும்போது ரெண்டையும் கழட்டி கார்லயே வச்சுட்டு வந்துடுவார்.”

டக்! கார் குலுங்கி நின்றது. டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பின்னால் பத்து ஹாரன் ஒன்றாக அலறியது.

“ஏன் சார் பிரேக் போட்டீங்க?”

“நாய்.”

“எங்க?”

“போயிடுச்சு.”

அன்றிலிருந்து எங்கள் கிளாஸ் யுத்தகளமாகிவிட்டது. நான் நடுங்குவேன், அவர் வாய் தானாகத் திறக்கும், நான் ஒன்று சொருகுவேன், அவர் பிரேக்கை மிதிப்பார். ‘லீவு நாள்ல எங்க போவீங்க?’ என்றார். ‘மாடிக்குத் துணி எடுக்கப் போவேன் சார்’ என்றேன். நாய். ‘பசங்க போன் பண்ணுவாங்களா?’ என்றார். ‘பையன் பண்ணுவான், அப்பா உயிரோட இருக்காரான்னு கேப்பான், விசாரிச்சுச் சொல்றேன்பேன்’ என்றேன். பந்து. ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்றார். ‘வீட்ல யாரும் கேக்கறதில்லங்கறதால நானும் கவனிக்கல’ என்றேன். ஒரே நேரத்தில் இரண்டு நாய். அந்தத் தெருக்களில் இருக்கிற நாய்களை விட இல்லாத நாய்கள் அதிகமாகிப்போயின.

வீட்டுக்கு வந்தால் வழக்கம்போல் கல்லுளிமங்கன். சாப்பிடுகிறபோது என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார். நான் ரசம் ஊற்றுகிற சுவாரஸ்யத்தில் இருக்கிற மாதிரி இருப்பேன்.

ஏழாவது கிளாஸில் மயிரிழையில் தப்பித்தார்.

“வேலைக்குப் போறீங்களா மேடம்?”

“ரிடையர் ஆயிட்டேன் சார். போன மாசம்தான்.”

“ஓ, அப்படியா! விழா எல்லாம் நல்லப…”

வாய் பாதியில் நின்றது. நான் மூச்சு விடவில்லை. பக்கத்தில் அவர் மூச்சும் கேட்கவில்லை. கேளுங்க, கேளுங்க என்று மனசு அடித்துக்கொண்டது.

டக்!

“பூனை” என்றார்.

பத்து கிளாஸ் முடிந்தது. ஜெயிலில் இருந்து விடுதலையாகிற ஆள் முகத்தோடு, “நல்லா ஓட்டறீங்க. வியாழக்கிழமை டெஸ்ட்” என்றார். டெஸ்ட் முடிந்தால் நான் யாரோ அவர் யாரோ என்று ஆகிவிடலாம் என்ற கணக்கு. ஆனால் கார் கூரை மேல் பச்சை போர்டில் அவரே எழுதி வைத்த விதி ஒன்று இருந்தது: ‘முதல் முறையே தேர்ச்சி. இல்லையேல் தேர்ச்சி பெறும் வரை மாஸ்டரே பயிற்சி அளிப்பார்.’ இரண்டாவது வரி இத்தனை வருஷத்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

டெஸ்ட் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் கம்பி வேலிக்கு வெளியே நின்றார். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். வைத்திருந்தது பன்னிரண்டு கூம்பு. நான் தட்டியது பதினாலு. அடுத்த டிராக்கில் இருந்ததில் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். இறங்கி வந்த இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார்.

“மாஸ்டர், இவங்க உங்க ஸ்டூடண்டா?”

“ம்.”

“தெரிஞ்சவங்களா?”

“சம்சாரம்.”

“அடப்பாவமே!” என்றார் இன்ஸ்பெக்டர். “வீட்ல பேச்சுவார்த்தை கிடையாதா?”

அந்த இன்ஸ்பெக்டர் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இரண்டாவது டெஸ்டில் வலது பக்கம் திரும்பச் சொன்னார். வைப்பரைப் போட்டுவிட்டு இடது பக்கம் திரும்பினேன். நிறுத்தச் சொன்னார், ஹாரன் அடித்தேன். மைதானத்தில் இருந்த மற்ற மாஸ்டர்கள் எல்லாரும் டீயும் கையுமாக வேலி ஓரத்தில் வந்து வரிசையாக நின்று பார்த்தார்கள். அன்று மத்தியானம் நாத்தனார் போன் பண்ணினாள்.

“அண்ணி, அண்ணன் போர்டுல ‘முதல் முறையே’ங்கற எழுத்துமேல பெயிண்ட் அடிச்சுட்டார். தானே ஸ்டூல் போட்டு ஏறி அடிச்சார்.”

“என்ன கலர்?”

“பச்சை.”

“பொருத்தமா இருக்குமே” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் சிரித்தேன். வாளியைப் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் விழுந்திருப்பேன்.

நடுவில் நடந்த கிளாஸ்களில் மனுஷன் உஷாராகிவிட்டார். நான் எவ்வளவு நடுங்கினாலும் வாயைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்தார். ஒரு நாள் நான் நடுங்கின நடுக்கத்தில் என் கண்ணாடியே கழன்று மடியில் விழுந்தது, அப்போதும் ‘கிளட்ச்’ என்று மட்டும் சொன்னார். பிடிவாதத்தில் அவர் எனக்குச் சளைத்தவர் இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது டெஸ்ட் என் தலைசிறந்த படைப்பு. ரிவர்ஸில் போய்க் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். நான் ரிவர்ஸில் போனேன். கோட்டைத் தாண்டினேன், மரத்தடியைத் தாண்டினேன், போய் இன்ஸ்பெக்டரின் சொந்த ஸ்கூட்டருக்கு அன்பாக ஒரு முத்தம் கொடுத்து நின்றேன். கீறல் கூட இல்லை. அவ்வளவு அளவாகக் கொடுத்தேன். ஆனால் ஸ்கூட்டர் மெல்லச் சாய்ந்து படுத்த காட்சி இருக்கிறதே!

கண்ணாடியில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வேலிக்கு வெளியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தலையில் கை. மற்ற மாஸ்டர்கள் கூட இந்த முறை சிரிக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஒரு துளி பரிதாபம் வந்தது. விழாவில் என் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியை நினைத்தேன். துளி காய்ந்துவிட்டது.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். அடுத்த கிளாஸுக்கு ஒரு மருந்துக்கடைப் பெண்ணை வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டும், டைரியில் இருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற குறுகலான தெருவில் போய்க்கொண்டிருந்தோம். அவர் காலை மடக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே வெறித்தபடி இருந்தார். திடீரென்று ஒரு கிடங்கின் கேட்டிலிருந்து லாரி ஒன்று பின்பக்கமாகப் பாய்ந்து வந்தது. ஹாரன் அடித்தேன், டிரைவருக்குக் கேட்கவில்லை. கியரை மாற்றினேன், தோளுக்கு மேல் ஒரு பார்வை, இருபதடி பின்னால் போனேன், நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவே இருந்த இடுக்கில் ஒரே வெட்டில் காரைச் சொருகினேன். இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல். லாரி எங்கள் மூக்கை உரசுகிற மாதிரிப் போய்விட்டது.

எனக்கே கை தட்டலாம் போல இருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“வேணும்னேதானே?”

“ஆமா.”

“மூணு தடவையுமா?”

“மூணும்.”

“அந்த ஸ்கூட்டர்?”

“அதுதான் கஷ்டமா இருந்துச்சு. நின்னு நிதானமா அளவு பாக்க வேண்டியதாப் போச்சு.”

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பதில்கள் எல்லாம் தயாராக இருந்தன. கத்தவில்லை. மடியில் இருந்த டைரியின் மூலையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

“நான் அன்னிக்கு வரலைங்கறதுக்காகத்தானே இவ்வளவும்?”

“வராததை நான் அன்னிக்கே முழுங்கிட்டேன். வந்து கேக்கவும் இல்லையே, அது தொண்டையிலயே நிக்குது.”

“கேட்டா நீ திட்டுவேன்னு நினைச்சேன். கேக்காம விட்டா கொஞ்ச நாள்ல நீயே மறந்துடுவேன்னு…”

“யாரு, நானா? பதினேழு வருஷத்துக்கு முன்னாடி வந்த புகாரோட நம்பரைச் சொல்லட்டுமா?”

“வேணாம்” என்றார் அவசரமாக.

லாரி கிளப்பிவிட்டுப் போன தூசி அடங்கியது. அவர் வாயைத் திறந்தார். பாவம், இரும்புக் கதவு திறக்கிற மாதிரி இருந்தது.

“அன்னிக்கு… என்ன பேசினே?”

“ரோட்டைப் பார்த்துக் கேக்காதீங்க. அப்படித்தான் எல்லார்கிட்டயும் கேக்கறீங்க.”

உடம்பை முழுக்கத் திருப்பினார். சீட் பெல்ட் கழுத்தை அறுத்தது, சரிசெய்துகொள்ளவில்லை. என் கண்ணைப் பார்த்தார்.

“அன்னிக்கு மேடையில என்ன பேசினே நீ?”

ஜெயித்துவிட்டேன்.  ‘வ’ என்று ஆரம்பிக்கிறேன், அவர் போன் அடிக்கிறது. மருந்துக்கடைப் பெண். “மாஸ்டர், நான் வந்து நிக்கிறேன்.”

இப்போது இறங்கி இடம் மாறச் சொல்வார், நான் பின்சீட்டில் உட்கார்ந்து மூட்டை மாதிரி வீட்டுக்குப் போவேன் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நாலாவது டெஸ்டில் மைதானத்து ஆபீஸ் கட்டடத்தையே இடித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. நான் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும், கண்ணாடியை இறக்கி அந்தப் பெண்ணிடம், “பின்னாடி ஏறிக்குங்க மேடம். இவங்க என் சம்சாரம், ஒரு விஷயம் சொல்லிட்டு இருக்காங்க. முடிச்சதும் உங்க கிளாஸ்” என்றார்.

“பரவாயில்ல மாஸ்டர்” என்று அவள் ஏறி உட்கார்ந்தாள். ஆடியன்ஸும் வந்தாச்சு! காரை எடுத்தேன். ‘வணக்கம்’ என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

“எல்லாருக்கும் வணக்கம்னேன். என் வீட்டுக்காரர் வந்துட்டு இருக்கார், வந்ததும் ஆரம்பிக்கலாம், கொஞ்சம் பொறுங்கன்னேன். பொறுத்தாங்க. நாப்பது நிமிஷம். டீ ஆறிப்போச்சு. மேலதிகாரி ரெண்டு தடவை வாட்ச் பார்த்தார். அப்புறம் நான் எழுதி வச்சிருந்த பேப்பரை மடிச்சுப் பையில போட்டுட்டு, வேற பேசினேன். முப்பத்தோரு வருஷமா இந்த ஊர்ல போன் பண்ணின ஒவ்வொருத்தர்கிட்டயும், ‘ஆள் கிளம்பிட்டாங்க, வந்துட்டே இருக்காங்க, கொஞ்சம் பொறுங்க’ன்னு சொல்லியிருக்கேன். அதை நம்பி வாசலையே பார்த்துட்டு உக்கார்றது எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதனால ஊர்ல அத்தனை பேர்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரொம்ப நேரம் கை தட்டினாங்க. நான் சிரிக்கல.”

 பின்சீட்டிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

“மாஸ்டர், நீங்களா போகல?”

“…ம்.”

“ஏன் போகல?”

“கிளாஸ் இருந்துச்சு மேடம்.”

“ஒரு நாள் கிளாஸ் இல்லன்னா நாங்க என்ன செத்தா போயிடுவோம்? என்ன மாஸ்டர் நீங்க! என் அப்பா இப்படிப் பண்ணியிருந்தா எங்க அம்மா கடையையே தலைகீழாக் கவுத்திருப்பாங்க!”

அவர் காது இரண்டும் சிக்னல் மாதிரிச் சிவந்தது. அவருடைய ஸ்டூடண்ட், அவருடைய காரில், அவரை! நான் திட்டம் போட்ட பழியில் இது கிடையாது. இது போனஸ்.

 அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம்?” என்றார்.

அப்புறம் ஒன்றுமில்லை. பேச்சு அதோடு சரி. ஒரு பிஸ்கட் சாப்பிட்டேன், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அதைச் சொன்னால் கதை முடிந்துவிடும். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் ‘அப்புறம்’ வந்திருக்கிறது, அதைப் போய் ஒரு பிஸ்கட்டோடு முடிப்பேனா?

“அப்புறம் என்ன, உங்க நாற்காலி காலியா இருந்தா நல்லா இல்லன்னு பம்ப் ஆபரேட்டரைக் கொண்டுவந்து உக்கார வச்சாங்க” என்றேன். “போட்டோ எல்லாம் அவரோடதான். மேலதிகாரி அவர்தான் என் வீட்டுக்காரர்னு நினைச்சு கையைப் புடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கி, ‘இவ்வளவு நாள் உங்க மனைவியை எங்களுக்குக் குடுத்தீங்களே’ன்னு நன்றி சொன்னார். அவரும் மறுக்கல. நான் பேசினப்போ முதல்ல கை தட்டினதும் அவர்தான். வீடு வரைக்கும் கொண்டுவந்து விடட்டுமான்னு கூடக் கேட்டார்.”

பின்சீட்டுப் பெண் முன்னால் நகர்ந்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினாள். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரு அந்த பம்ப் ஆபரேட்டர்?”

மூன்றாவது கேள்வி. மருந்துக்கடைப் பெண்ணின் கிளாஸில் இன்னும் முப்பது நிமிடம் பாக்கி இருந்தது. தெரு நீளமாக, காலியாக எதிரே கிடந்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

“அவரா? நல்ல உயரம்…” என்று ஆரம்பித்தேன்.